பொழுது தின்னும் கிளி

முன்னொரு காலத்திலே, மழை சொன்ன தேதிக்குப் பெய்த காலத்திலே, கிளிக்கு மனுஷப் பேச்சும் மனுஷனுக்குக் கிளிப்பேச்சும் வந்த காலத்திலே, கொம்பனூர்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. சின்னப் பசங்களா, முன்னாடி வந்து உட்காருங்க. பெரியவங்களும் கேளுங்க, சொல்லப்போனா இது உங்களுக்குத்தான். நடுவுல எழுந்து போறவங்க இப்பவே போயிடுங்க. எனக்குக் கோபம் வரும், ஆமா.

கொம்பனூர் ராஜா பேரு பராக்கிரம பூபதி. அவருக்கு நூத்தியெட்டு யானை. நூத்தியெட்டுக்கும் ஒரே வைத்தியர், இருளப்பன். பேருக்கேத்த நிறம், சிரிச்சா பல்லு மட்டும் பளிச்சுன்னு தெரியும். யானை கால்ல முள்ளு குத்தினா எந்தக் கால், எந்த நகத்தடின்னு அது நடக்கிற சத்தத்துலேயே சொல்லிடுவாரு. அப்படி ஒரு கைராசிக்காரரு.

அவருக்கு ஒரு பொண்டாட்டி, அழகம்மை. ஒரே மக, மரிக்கொழுந்து. உச்சிவேளைக்கு வைத்தியர் வீட்டுக்கு வந்தா மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவாங்க. குழம்பு முடிஞ்சு, ரசம் முடிஞ்சு, கடைசியா மோரு. அழகம்மை கடையற மோரு தெருவுக்கே மணக்கும். சாயங்காலம் ஆனா ஊர்க் குளம். இருளப்பன் தண்ணியில மல்லாக்கப் படுத்து மிதப்பாரு. மக அவரு வயித்து மேல ஏறி உட்கார்ந்து, "எங்கப்பா யானை! எங்கப்பா யானை!"ன்னு கத்துவா. அழகம்மை படித்துறையில உட்கார்ந்து, "ஏங்க, பொண்ணை முக்கிடாதீங்க"ன்னு சிரிப்பா. அவங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டியிருக்கலை. வேண்டியிருக்கலைங்கறது அப்பத் தெரியலை, அதுதான் வினை.

ஒரு நாள் பட்டத்து யானை ரங்கநாயகிக்கு வயிறு கட்டிக்கிச்சு. மலையே சாஞ்ச மாதிரி, யானை கட்டற கொட்டாரத்துல படுத்துடுச்சு. இருளப்பன் மூணு நாள் அது பக்கத்தை விட்டு அசையலை. வெதுவெதுன்னு விளக்கெண்ணெய் ஊத்தினாரு, வயித்தைத் தேய்ச்சாரு, காதுல ஏதோ பேசிக்கிட்டே இருந்தாரு. நாலாம் நாள் காலையில ரங்கநாயகி எழுந்து நின்னு ஒரு சாணி போட்டுச்சு பாருங்க, அதைப் பார்த்து ராஜா கைதட்டினாரு. சிரிக்காதீங்க. யானை வளர்த்தவங்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும்.

ராஜா சபையைக் கூட்டினாரு. இருளப்பன் தோள்ல பொன்னாடை போர்த்தினாரு. "இன்னிலேருந்து நீர் கஜ சஞ்சீவி!"ன்னு பட்டம் கொடுத்தாரு. அதோட பொக்கிஷ அறையிலேருந்து ஒரு பச்சைக்கிளியைக் கொண்டு வரச் சொல்லி அவரு தோள்ல உட்கார வெச்சாரு.

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துக் கிளி, வைத்தியரே. பட்டம் வாங்கினவரு எந்த வாசப்படி மிதிச்சாலும் இது பட்டத்தைச் சொல்லும். உம்ம பெருமை ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாமா?"

வைத்தியருக்கு உடம்பெல்லாம் கூசுச்சு. கூச்சத்துக்குள்ள கொஞ்சம் இனிப்பும் இருந்துச்சு. யாருக்குத்தான் இருக்காது?

வீட்டுக்கு வந்தாரு. வாசப்படியில காலை வெச்சாரு. கால் அப்படியே ஒட்டிக்கிச்சு. இழுத்தா வரலை, தூக்கினா வரலை. தோள்ல இருந்த கிளி இறக்கையை உதறி, கழுத்தை நீட்டி, "கஜ... சஞ்சீவி..."ன்னு ராகம் போட்டு இழுத்துச்சு. இழுத்துட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துச்சு. யாரும் பேசலை. மறுபடியும், "கஜ... சஞ்சீவி..."

பக்கத்து வீட்டுக்காரரு ஓடி வந்து, "ஆஹா!"ன்னாரு. உடனே கிளி வாயை மூடிக்கிச்சு. கால் விட்டுடுச்சு.

அப்பத்தான் விஷயம் புரிஞ்சுது. எந்த வீட்டு வாசப்படியா இருந்தாலும் கிளி பட்டத்தைச் சொல்லி முடிக்கணும். ஒவ்வொரு பட்டத்துக்கும் யாராவது ஒருத்தர் ஆஹா சொல்லணும். பட்டம் வாங்கினவரே சொல்லிக்கிட்டா செல்லாது. அதுவரைக்கும் கால் நகராது.

அழகம்மை கிளிக்கு நெல் போட்டா, தின்னலை. பழம் போட்டா, தின்னலை. "இது என்னதாங்க தின்னும்?"னு கேட்டா. அது பொழுதைத் தின்னுதுன்னு அவளுக்குத் தெரியறதுக்கு ரொம்ப நாள் ஆகலை.

ஒரு பட்டம் மூணாச்சு. மூணு ஏழாச்சு. யானைகுல திலகம், துதிக்கை வேந்தன், தந்த வைத்திய சிங்கம். பக்கத்து ராஜாக்களும் யானையை அனுப்பினாங்க, கூடவே பட்டத்தையும் அனுப்பினாங்க. வெறும் வயித்துல வெல்லம் தின்ன மாதிரி இருந்துச்சு வைத்தியருக்கு. தின்னத் தின்னப் பசிச்சுது.

முதல்ல போனது மோரு. கிளி பட்டம் சொல்லி முடிச்சு அவரு உள்ள வந்து உட்கார்ந்தா, குழம்பு சாதம் முடியறதுக்குள்ள அரண்மனை ஆள் வாசல்ல நிப்பான்.

"ஏங்க, மோருக்கு இருங்களேன்"ம்பா அழகம்மை.

"நாளைக்கு இருக்கேன்."

மறுநாளும், "மோருக்கு இருங்களேன்."

"அட, நாளைக்கு இருக்கேன்னு சொன்னேன்ல?"

அப்புறம் குளம் போச்சு. சாயங்காலம் ஆனா மரிக்கொழுந்து தெரு முனையில நின்னு, "இன்னிக்கு வருவியாப்பா?"ம்பா. "இந்த ஒரு பட்டம் மட்டும் ஆகட்டும், கொழுந்து"ம்பாரு. பாவம், அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? அப்பா வர்ற சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வந்து, கிளி வாயைத் திறக்கறதுக்குள்ள, "ஆஹா ஆஹா ஆஹா ஆஹா!"ன்னு மூச்சு விடாம கத்தும். சீக்கிரம் முடிஞ்சா அப்பா சீக்கிரம் உள்ள வருவாருல்ல? கிளி அவளை முறைச்சுப் பார்க்கும். ஒவ்வொண்ணா, ராகத்தோட, நிதானமாத்தான் சொல்லும்.

பட்டம் இருபத்தொண்ணு ஆனப்போ மரிக்கொழுந்து பெரியவளானா. ஓலைக் குடிசை கட்டி, தண்ணி ஊத்தி, மாமன் சீர் வந்து, சடங்கு நடந்துச்சு. வைத்தியர் பொன்னாடையோட நேரத்துக்கு வந்தாரு. நேரத்துக்கு வாசப்படி வரைக்கும் வந்தாரு. கிளி ஆரம்பிச்சுது. சொந்தக்காரங்க முதல் பத்து பட்டத்துக்கு ஆஹா போட்டாங்க. பதினொண்ணாவதுல அவங்களுக்கு வாய் வலிச்சுது. இலை போட்டாச்சுன்னு சத்தம் கேட்டதும் எல்லாரும் உள்ள போயிட்டாங்க. வைத்தியர் வாசல்ல தனியா நின்னாரு. கிளி பன்னெண்டாவது பட்டத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அவரு உள்ள போனப்போ பந்தி எடுத்து, தரை கழுவி, குடிசையையும் பிரிச்சிருந்தாங்க.

இப்ப ஒண்ணு சொல்றேன், கவனமாக் கேளுங்க. யானைக் கொட்டாரத்துக்கு மட்டும் வாசப்படி கிடையாது. யானை தடுக்கி விழுந்தா யாரு தூக்கறது? அதனால கொட்டாரத்துக்குள்ள போறப்ப மட்டும் கிளி பேசாது. வைத்தியர் நேரா நடந்து போவாரு, நேரா நடந்து வருவாரு. அதை அழகம்மை கவனிச்சு வெச்சிருந்தா.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பட்டத்தைத் திருப்பித் தர வேண்டாம். நம்ம வீட்டு வாசப்படியை மட்டும் பேர்த்துடலாமே?"

"உனக்கென்ன பைத்தியமா? வெள்ளி செவ்வாய் மஞ்சள் பூசற படி. யானைகுல திலகத்தோட வீடு படியில்லாம கொட்டாரம் மாதிரி கிடந்தா ஊரு சிரிக்காதா?"

"ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். நாம சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

அவரு அன்னிக்கும் மோருக்கு இருக்கலை. அழகம்மை அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலை. வெள்ளி செவ்வாய் தவறாம படிக்கு மஞ்சள் பூசிக்கிட்டுத்தான் இருந்தா.

பட்டம் முப்பத்தாறு. அந்த வருஷம் அழகம்மைக்குக் காய்ச்சல் வந்துச்சு. வந்த காய்ச்சல் போகலை. ஊர் யானைக்கெல்லாம் நாடி பார்த்த மனுஷன் பொண்டாட்டி கையைத் தொட்டுப் பார்க்க நேரம் இல்லை. நினைச்சா எனக்கு வயிறு எரியுது, சொல்லாமலும் இருக்க முடியலை.

ஒரு மத்தியானம் கொட்டாரத்துக்கு ஆள் வந்துச்சு. "ஐயா, வீட்டுல அம்மாவுக்கு முடியலை. உடனே வரச் சொன்னாங்க."

வைத்தியர் ஓடினாரு. பொன்னாடை தெருவுல விழுந்துச்சு, எடுக்கலை. செருப்பு அறுந்துச்சு, நிக்கலை. வாசப்படியில காலை வெச்சாரு. ஒட்டிக்கிச்சு.

"கஜ... சஞ்சீவி..."

தெருவுல ஒரு குஞ்சு குளுவான் இல்லை. ஊரே அறுவடைக்குப் போயிருந்துச்சு. வாசலுக்கு நேரா உள்ளே கட்டில். கட்டில்ல அழகம்மை. மக மடியில தலை. பத்தடி தூரம், அவ்வளவுதான்.

"கொழுந்து! ஆஹா சொல்லு! சொல்லும்மா!"

மரிக்கொழுந்து அம்மா தலையை மடியில வெச்சுக்கிட்டே, "ஆஹா!"ன்னு கத்தினா.

"யானைகுல... திலகம்..."

"ஆஹா!"

"துதிக்கை... வேந்தன்..."

"ஆஹா! ஐயோ, ஆஹா!"

அழகம்மை கண்ணைத் திறந்தா. வாசல்ல நிக்கிற புருஷனைப் பார்த்தா. கையை லேசா தூக்கி வான்னு கூப்பிட்டா. அவரு காலைப் பிடிச்சு இழுத்தாரு. நகத்துல ரத்தம் வந்துச்சு. கால் வரலை.

"இன்னிக்காவது..."ன்னா அழகம்மை. "இன்னிக்காவது மோருக்கு இருங்க."

"இருக்கேன் அழகம்மை! இதோ வந்துட்டேன்! இருக்கேன்!"

பத்தொன்பதாவது பட்டம் வரைக்கும் மரிக்கொழுந்து ஆஹா சொன்னா. இருபதாவதுக்குச் சொல்லலை. கிளி சொல்லிச்சு. மறுபடியும் சொல்லிச்சு. மறுபடியும் சொல்லிச்சு. மரிக்கொழுந்து அம்மா முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் அம்மா கண்ணை மூடி விட்டுட்டு, ரொம்ப மெதுவா, மீதி எல்லாப் பட்டத்துக்கும் ஒவ்வொண்ணா ஆஹா சொன்னா. அவசரம் எல்லாம் தீர்ந்து போச்சுல்ல?

காரியமெல்லாம் முடிஞ்ச அன்னிக்கு வைத்தியர் கடப்பாரையை எடுத்துட்டு வாசப்படிக்கு வந்தாரு. மரிக்கொழுந்து தடுத்தா.

"வேண்டாம். எங்கம்மா மஞ்சள் பூசின படி, அது இருக்கட்டும். தந்த வைத்திய சிங்கம் அவர்கள் அதுமேல நின்னு பெருமையைக் கேட்டுக்கட்டும்."

அன்னியிலேருந்து அந்தப் பொண்ணு அப்பான்னு கூப்பிடலை. "யானைகுல திலகம் சாப்பிட வரலாம்." "கஜ சஞ்சீவிக்கு வெந்நீர் வெச்சாச்சு." திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம். மரியாதையைத் தாங்கறது கஷ்டம்.

வைத்தியருக்கு வாழ்க்கை கசந்து போச்சு. மூணு வழி பார்த்தாரு. முதல் வழி, கிளியை ஏழு காட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டாரு. வீட்டுக்குத் திரும்பி வாசப்படி மிதிச்சா, தோள்ல கிளி. ரெண்டாவது வழி, ராஜா கால்ல விழுந்தாரு. "மகாராஜா, எனக்கு இந்தப் பெருமைக்கெல்லாம் தகுதி இல்லை. கிளியை எடுத்துக்கோங்க." ராஜா பூரிச்சுப் போயிட்டாரு. "எப்பேர்ப்பட்ட அடக்கம்! அடுத்த வெள்ளிக்கிழமை சபையைக் கூட்டறேன். உமக்கு 'அடக்கத்தின் சிகரம்'னு பட்டம் தர்றேன்!" பாத்தீங்களா கூத்தை?

மூணாவது வழி, கொட்டாரத்து மூலையில உட்கார்ந்து கிளி கழுத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சாரு. நெரிக்கப் போறப்ப கிளி வாயைத் திறந்துச்சு. இத்தனை வருஷத்துல அது பட்டத்தைத் தவிர வேற வார்த்தை பேசினது அன்னிக்குத்தான்.

"நெரியும் ஓய், நெரியும். செத்தா எனக்கும் விடுதலை. ஆனா எனக்குச் சாவு வராது, உமக்கு முன்னாடி இருந்தவங்களும் முயற்சி பண்ணிட்டாங்க."

"யாரு நீ?"

"உம்ம மாதிரி ஒருத்தன். அரண்மனை ஜோசியன். இந்த ராஜாவோட கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு குறை. கெட்டிக்காரன் எல்லாம் பொழுது சாஞ்சா வீட்டுக்கு ஓடிடறான், வேலை கெடுது. ஒரு மந்திரவாதியைக் கூப்பிட்டு, எல்லார் கால்லயும் சங்கிலி போடுய்யான்னாரு. மந்திரவாதி சிரிச்சான். 'சங்கிலி போட்டா அறுத்துக்கிட்டு ஓடுவான் மகாராஜா. பட்டம் போடுங்க, அவனே கழுத்தை நீட்டுவான்'னான். நான் பக்கத்துல நின்னேன். எனக்கும் ஒரு பட்டம் கொடுங்களேன், நாள் முழுக்க அது காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும்னேன். அப்படியே ஆகட்டும்னு தண்ணி தெளிச்சான். கிளியாயிட்டேன். உமக்கு முன்னாடி மூணு பேரு தோள்ல உட்கார்ந்திருக்கேன். மூணு பேரும் வாசப்படியிலேயே செத்தாங்க."

"இதுக்கு முடிவே இல்லையா?"

"இருக்கு. நிறைஞ்ச சபையில, ராஜா புதுப் பட்டம் கொடுக்கறப்ப, மூணு தடவை வேண்டாம்னு சொல்லணும். சொன்னா நான் மனுஷன், நீர் விடுதலை. ஆனா தின்ன பொழுதை என்னால கக்க முடியாது. தின்னது தின்னதுதான். இன்னொண்ணும் இருக்கு. பட்டத்தால உம்மைத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் நீர் அடியோட மறந்து போவீர். எதிர்ல நின்னாலும் யாருன்னு தெரியாது."

"ஊரு மறந்தா மறக்கட்டும். என் பொண்ணு?"

கிளி தலையைச் சாய்ச்சு அவரைப் பார்த்துச்சு. "உம்ம பொண்ணு உம்மை என்னன்னு கூப்பிடறா?"

வைத்தியர் கையை எடுத்துட்டாரு. கொட்டாரத்து மண்ணுல முகத்தை வெச்சு அழுதாரு. கிளியும் பக்கத்துல உட்கார்ந்து அழுதுச்சு. என்ன சொல்ல? ரெண்டும் பெருமைக்கு ஆசைப்பட்ட ஜென்மங்கள்.

வீட்டுக்குப் போனா மரிக்கொழுந்து ஒரு வெத்தலைத் தட்டை நீட்டினா. "வர்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். மாமா பார்த்த இடம், நல்ல மனுஷங்க. தாரை வார்த்துக் கொடுக்க மாமாவும் அத்தையும் இருக்காங்க. துதிக்கை வேந்தன் அவர்களுக்கு நேரம் இருந்தா பந்தியில ஒரு இலை போட்டு வைக்கிறோம்."

வெள்ளிக்கிழமை. சபையும் அன்னிக்குத்தான். வேண்டாம்னு சொல்லாம கிளியோட வந்தா, வாசப்படியிலேயே கல்யாணம் முடிஞ்சுடும். வேண்டாம்னு சொல்லிட்டு வந்தா, கல்யாணப் பொண்ணு, "நீங்க யாரு?"ன்னு கேட்கலாம். எந்தப் பக்கம் போனாலும் இழப்பு. ஆனா ஒரு பக்கத்துல மட்டும் அவரு உள்ள போய் உட்காரலாம். யாரோ மாதிரியாவது உட்காரலாம்.

வெள்ளிக்கிழமை காலையில சபை நிறைஞ்சிருந்துச்சு. ராஜா பொன்னாடையை விரிச்சு, "அடக்கத்தின் சிகரமே, வாரும்!"னாரு.

"வேண்டாம் மகாராஜா."

சபையே கைதட்டுச்சு. "பாத்தீங்களா அடக்கத்தை!"ன்னாங்க. ராஜா சிரிச்சுக்கிட்டே மறுபடியும் நீட்டினாரு.

"வேண்டாம்."

கைதட்டல் நின்னுச்சு. ராஜா முகம் சிவந்துச்சு. "வைத்தியரே, விளையாடாதீர். கொட்டாரத்து வாசல்ல கல்லுல உம்ம பேரை வெட்டி வெச்சிருக்கேன். அதைச் செதுக்கி எடுத்துடுவாங்க. நீர் பொழைக்க வெச்ச யானையை எல்லாம் வேற எவனோ பொழைக்க வெச்சான்னு எழுதுவாங்க. கடைசியாக் கேட்கறேன். வேணுமா, வேண்டாமா?"

இருளப்பன் கண்ணுக்கு முன்னாடி ரங்கநாயகி வந்துச்சு, அந்த மூணு நாள் வந்துச்சு. அது அவரு வேலை. அவரு கை. அதையும் விட்டுடணும். ஆனா அதுக்குப் பின்னாடியே ஒரு கட்டிலும், அந்தக் கட்டில்லேருந்து தூக்கின ஒரு கையும் வந்துச்சு.

"வேண்டாம்."

தோள்லேருந்து கிளி பொத்துன்னு விழுந்துச்சு. விழுந்த இடத்துல வத்தலும் தொத்தலுமா ஒரு கிழவரு எழுந்து நின்னாரு. ராஜா இருளப்பனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாரு. "யாரய்யா இந்த ரெண்டு பேரும்? சபைக்குள்ள எப்படி வந்தாங்க? வெளிய அனுப்புங்க!" நேத்து வரைக்கும் அவரு கால்ல விழுந்த சேவகன் அவரு பிடரியைப் பிடிச்சுத் தள்ளினான்.

தெருவுல விழுந்து எழுந்தாரு. கிழவரு பயந்த குரல்ல, "இது எந்த ராஜாவோட காலம்?"னாரு. பராக்கிரம பூபதி காலம்னாரு இருளப்பன். கிழவரு விரலை மடக்கி எண்ணினாரு. பாதியிலேயே நிறுத்திட்டாரு. "அப்ப எங்க வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. ஊருக்கெல்லாம் நல்ல நேரம் பார்த்துச் சொன்னேன் ஓய்."

"வாங்க"ன்னாரு இருளப்பன். "எங்க வீட்டுல இன்னிக்குக் கல்யாணச் சாப்பாடு."

வழியில கொட்டாரம். பாகன், "ஏய், யாரு நீ, யானைகிட்டப் போகாதே"ன்னு அதட்டினான். ரங்கநாயகி துதிக்கையை நீட்டி இருளப்பன் அக்குளை மோந்து பார்த்து, கழுத்தைச் சுத்தி வளைச்சுக்கிச்சு. யானைக்குப் பட்டமா தெரியும்? வாசனைதான் தெரியும். இருளப்பனுக்கு ஒரு துளி உயிர் வந்துச்சு.

கல்யாண வீட்டுக்கு வந்தப்போ தாலி கட்டி முடிஞ்சு, மேளக்காரங்க வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாங்க. இருளப்பன் வாசப்படிக்கு வந்து, பழக்க தோஷம், அப்படியே நின்னாரு. காத்துக்கிட்டு நின்னாரு.

"யோவ், உள்ள போறதுன்னா போ. நந்தி மாதிரி வழியில நிக்கிறே!" பின்னாடி யாரோ கத்தினாங்க.

வலது காலைத் தூக்கினாரு. வந்துச்சு. அந்த மஞ்சள் படியைக் குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ள போனாரு. பத்தடி. வெறும் பத்தடிதான். கட்டில் இருந்த இடத்துல இப்ப மணவறை.

மச்சான், அதான் மரிக்கொழுந்தோட மாமா, எதிர்ல வந்தாரு. நேத்து வரைக்கும், "எங்க மச்சான் யானைகுல திலகம்"னு ஊர்ல சொல்லித் திரிஞ்ச மனுஷன். கைகூப்பி, "மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களா? எந்த ஊரு?"ன்னாரு. இருளப்பன் தலையை ஆட்டிட்டுப் பந்தியில கடைசி இலையில போய் உட்கார்ந்தாரு. பக்கத்து இலையில கிழவரு.

பொண்ணும் மாப்பிள்ளையும் பந்தி விசாரிச்சுக்கிட்டு வந்தாங்க. மரிக்கொழுந்து அப்படியே அழகம்மை சாயல். ஒவ்வொருத்தரா கும்பிட்டுக்கிட்டு வந்தா. இருளப்பன் முன்னாடி வந்தா. முகத்தைப் பார்த்தா. எல்லாருக்கும் சொன்ன மாதிரியே, "கூச்சப்படாம நல்லா சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டா.

அவ்வளவுதான். இருளப்பனுக்குச் சோறு இறங்கலை. அவளுக்கும் நான் வெறும் பட்டமாத்தான் இருந்திருக்கேன்னு நினைச்சாரு. எழுந்துடலாம்னு கையை ஊனினாரு. கிழவரு அவரு மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. "இரும் ஓய். போக நமக்கு எந்த இடம் இருக்கு? இரும்."

குழம்பு வந்துச்சு. இருந்தாரு. ரசம் வந்துச்சு. இருந்தாரு. பாயசம் வந்துச்சு. மத்தவங்க ஒவ்வொருத்தரா இலையை மடிச்சு எழுந்தாங்க. கண்ணுலேருந்து தண்ணி இலையில சொட்டுச்சு, அப்பவும் இருந்தாரு.

ஒரு நிழல் இலை மேல விழுந்துச்சு. நிமிர்ந்தாரு. கல்யாணப் பொண்ணு, பட்டுப்புடவையை இடுப்புல செருகிக்கிட்டு, பரிமாறறவன் கையிலேருந்து வாங்கின வாளியோட நின்னா.

"மோரு ஊத்தட்டுமாப்பா?"

"கொழுந்து... என்னைத் தெரியுதா?"

"நீ வாசப்படியில நின்னப்பவே தெரியும்."

"அப்புறம் ஏம்மா யாரோ மாதிரி..."

"மோருக்கு இருக்கியான்னு பார்த்தேன்."

ஊத்தினா. பாதி மோரு இலைக்கு வெளிய போச்சு. "அம்மாதான் பார்க்கக் கொடுத்து வைக்கலை"ன்னா. பிசைஞ்சு ஒரு வாய் வெச்சாரு. புளிச்சுதா, உப்பு இருந்துச்சா, அவருக்குத் தெரியலை. கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாரு. அவ நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் கிழவரு பக்கம் திரும்பி, "தாத்தா, உங்களுக்கு? உங்க பேரு என்ன?"ன்னா. கிழவரு யோசிச்சாரு, யோசிச்சாரு, தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "பேரு கிடக்குது, மோரு ஊத்துங்க தாத்தாவுக்கு"ன்னு அவளே சொல்லி அவளே ஊத்தினா.

அன்னிக்குச் சாயங்காலமே மரிக்கொழுந்து புருஷன் ஊருக்கு வண்டி ஏறிட்டா. கல்யாணம்னா அப்படித்தானே? இருளப்பனுக்குக் கிடைச்சது ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவை அவ வருவா, ரெண்டு தடவையும் அவரு வீட்டுல இருப்பாரு. மத்த நாள்ல சாயங்காலம் ஆனா குளத்துல மல்லாக்க மிதப்பாரு. படித்துறையில அழகம்மை உட்கார்ற இடத்துல கிழவரு உட்கார்ந்திருப்பாரு. ராத்திரி யானை பிளிறினா எழுந்து போய் வைத்தியம் பார்த்துட்டு வருவாரு. பார்த்தது யாருன்னு ஊருக்குத் தெரியாது.

கதை இவ்வளவுதான். கிளி போச்சு, படி இருக்குது. யாராவது ஆஹான்னு சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். எழுந்திருங்க, எழுந்து வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டுலயும் மோரு கடைஞ்சு வெச்சிருப்பாங்க.